கூடைக்கு அடியில் உள்ள மண்

அமெரிக்கப் பூங்கா ஒன்றில் டிஸ்க் கோல்ஃப் கூடையை நட்டு ஏழெட்டு வருடம் ஆனபின் அதன் அடியில் குனிந்து பார்த்தால், கம்பத்தைப் பிடித்திருக்கும் காங்கிரீட் கட்டி நாலு விரற்கடை உயரத்துக்கு வெளியே தெரியும். நட்ட அன்று அது தரையோடு தரையாக இருந்தது. காங்கிரீட் வளராது, மண்தான் போயிருக்கிறது. சுற்றிலும் பத்தடிக்குப் புல் இருக்காது. பக்கத்தில் மரம் இருந்தால் அதன் வேர்கள் விலா எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். மழை பெய்தால் அந்த இடம் குட்டை. சொந்தப் பணத்தையும் உடம்பையும் போட்டுப் பூங்காவை மேம்படுத்த வந்த தன்னார்வலர்களின் உழைப்பை எடைபோட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை. திறப்பு விழாப் படங்களில் எல்லா ஆடுகளமும் அழகாகத்தான் இருக்கும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விதி கோல்ஃப் விதிதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் தட்டு. எறிமேடையில் நின்று வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் அதைச் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடித்தவர் வென்றவர். பதினெட்டுக் கூடைகள் ஒரு சுற்று. முதல் நிரந்தர ஆடுகளம் 1975-இல் கலிஃபோர்னியாவின் லா கன்யாடா ஃபிளின்ட்ரிஜ் ஊரில், ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ நிறுவனத்தில் இருந்தபோது ஃபிரிஸ்பீயின் வடிவத்தைச் சீர்செய்து காப்புரிமை பெற்றவர். முதலில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிக்கொண்டு போனதா என்ற சண்டை தீராததால் சங்கிலியும் கூடையும் வந்தன. அதற்கான காப்புரிமை 1977-இல் கிடைத்தது. அதற்கு முந்தைய வருடமே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமும், அதாவது பி.டி.ஜி.ஏ.வும், தொடங்கியாயிற்று.

இன்று உலகெங்கும் 15,000-க்கு மேற்பட்ட ஆடுகளங்கள் இருப்பதாக யூடிஸ்க் என்ற செயலியின் பட்டியல் காட்டுகிறது. பாதிக்கு மேல் அமெரிக்காவில். பத்தில் ஒன்பது ஆடுகளங்களில் கட்டணம் கிடையாது. 2020-இல் பெருந்தொற்று வந்து உள்ளரங்கு விளையாட்டெல்லாம் மூடிக் கிடந்தபோது, திறந்த வெளியில் தனியாகவே ஆடக்கூடிய இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் திரண்டது. கூட்டம் வந்தது, காவலாளி வரவில்லை. நகராட்சி புல் வெட்டும், குப்பைத் தொட்டியைக் காலி செய்யும். எறிமேடை, அறிவிப்புப் பலகை, படிக்கட்டு, சிறு பாலம், புதர் நீக்கம், வடிகால் என்று மிச்சமெல்லாம் பெரும்பாலும் ஆடுபவர்களின் தலையில்தான்.

இந்த ஆடுகளங்கள் எந்த நிலத்தில் அமைகின்றன என்பதைக் கவனித்தால் பாதிக் கதை விளங்கிவிடும். வழக்கமான கோல்ஃப் மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், தண்ணீரும் உரமும் கொட்ட வேண்டும். டிஸ்க் கோல்ஃபுக்குத் தோராயமாகக் கூடைக்கு ஓர் ஏக்கர் போதும். மரமும் மேடுபள்ளமும் இருந்தால் ஆட்டம் இன்னும் சுவைக்கும். ஆகவே பூங்காத் துறைகள் வேறு எதற்கும் ஆகாத நிலத்தைக் கொடுக்கின்றன: ஓடைக்கரை, வெள்ளம் ஏறும் தாழ்வு, செங்குத்துச் சரிவு, மூடிய குப்பைமேடு. கட்டடம் நிற்காத இடத்தில்தான் கூடை நிற்கிறது. அந்த மண் ஏற்கெனவே நோஞ்சான். அதன் மேல்தான் நாளுக்கு நூறு பேர் நடக்கிறார்கள்.

தன்னார்வலர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் எறிமேடையில். காரணம் புரியக்கூடியது. சேற்றில் வழுக்கி முட்டியைத் திருகிக்கொண்டவர் எல்லாச் சங்கத்திலும் ஒருவராவது இருப்பார். நல்ல மேடை என்றால் ஆறடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், நாலு அங்குலக் கனம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 கன அடி காங்கிரீட். அங்கே கடையில் விற்கும் 36 கிலோ மூட்டை ஒன்றைக் கலந்தால் 0.6 கன அடிதான் தேறும். ஒரு மேடைக்கு 40 மூட்டை, ஏறக்குறைய ஒன்றரை டன். பதினெட்டு மேடைக்கு 720 மூட்டை. காட்டுக்குள் கலவை லாரி வராது. வந்தால் அதன் சக்கரமே நாலு வருட நடையின் சேதத்தை ஒரே நாளில் செய்துவிடும். எனவே தள்ளுவண்டி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்துப் பேர் கூடி, பலகை அடித்துச் சட்டம் கட்டி, சரளை பரப்பி, இருவர் கலக்க இருவர் தள்ள, மற்றவர்கள் பலகையால் இழுத்து மட்டம் பார்ப்பார்கள். கடைசியில் ஈரம் பாதி வற்றிய நேரம் பார்த்து ஒருவர் துடைப்பத்தைக் குறுக்கே இழுப்பார். பிடிமானத்துக்கான கோடுகள் அவை. அவசரப்பட்டால் கோடு கரையும், தாமதித்தால் துடைப்பம் பதியாது. மதியம் பீட்சா. காயும்வரை யாரும் மிதிக்காமல் காவல் காக்க வேண்டும். எந்த ஆடுகளத்திலும் ஒரு மேடையிலாவது நாயின் கால்தடம் இருக்கும் என்பது என் யூகம்.

அந்தப் பத்துப் பேரின் ஆறு மணி நேரத்துக்கு விலை உண்டு. தன்னார்வ உழைப்பின் மணிக்கணக்கு மதிப்பை ஆண்டுதோறும் வெளியிடும் இண்டிபெண்டன்ட் செக்டர் என்ற அமைப்பு, 2023-ஆம் ஆண்டுக்கு அதை 33.49 டாலர் என்று வைத்தது. அப்படியானால் ஒரு சனிக்கிழமை என்பது இரண்டாயிரம் டாலர். அமெரிக்காவில் பல நிதியுதவித் திட்டங்கள் ‘நீங்களும் ஒரு பங்கு போடுங்கள்’ என்று கேட்கும். அந்தப் பங்காக இந்த மணி நேரங்களைக் காட்டலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய சங்கத்துக்குப் பணம் கிடைக்கும், வாங்காத சங்கத்துக்கு வியர்வை மட்டும். மண்வெட்டியைவிட நோட்டுப் புத்தகம் அதிகம் சம்பாதிக்கும் இடம் இது.

மற்றப் பணம் சில்லறையாக வருகிறது. வாராந்தர ஜோடி ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்றிரண்டு டாலர் உண்டியலில் போகும். ஒரே வீச்சில் கூடைக்குள் போட்டவர் ஒரு பங்கை அள்ளிக்கொள்வார், இன்னொரு பங்கு ஆடுகளத்துக்கு என்பது பல ஊர் வழக்கம். ஆண்டுச் சந்தா கட்டியவருக்குப் பையில் தொங்கவிட எண் பொறித்த ஒரு வில்லை கிடைக்கும். சேர்ந்து ஆடியவர்களில் வென்றவர் சிறிய எண்ணை எடுத்துக்கொள்வார். எறிமேடைப் பலகையில் பக்கத்துப் பல் டாக்டரின் விளம்பரம் இருக்கும். ஒரு கூடை தோராயமாக 400 முதல் 600 டாலர் என்பதால், பதினெட்டு வாங்கவே வருடக்கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்ந்த பணம் கூடைக்கே போவதில் வியப்பில்லை. பளபளக்கும் கூடையைப் படமெடுக்கலாம். வடிகாலை யாரும் படமெடுப்பதில்லை.

அனுமதி விஷயத்தில்தான் நல்லெண்ணம் பல முறை இடறுகிறது. அங்கே பூமியைத் தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஆட்கள் வந்து தரையில் சாயம் அடித்துவிட்டுப் போவார்கள்: மின்கம்பிக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம். மரமறுக்கும் இயந்திரத்தைப் பல பூங்காத் துறைகள் தன்னார்வலர் கையில் கொடுப்பதே இல்லை. இதெல்லாம் பொறுமையைச் சோதிக்கும். ஆறு வாரம் காத்திருந்தவர்களில் யாராவது ஒருவர், தன் வீச்சுக்குக் குறுக்கே நிற்கும் கிளையை ஒரு மாலை நேரத்தில் ரம்பத்தோடு போய்த் தீர்த்துக்கட்டிவிடுவார். மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற இடங்களில் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் ஓக் மரத்தில் வெட்டுக்காயம் பட்டால், அந்த வாசனைக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். வேர்கள் வழியாகப் பக்கத்து மரங்களுக்கும் பரவும். ஒரு கிளையில் ஒரு தோப்பு போகலாம். இன்னொரு கோணமும் உண்டு. 1997-இல் வந்த தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், சாதாரணக் கவனக்குறைவால் நேரும் சேதத்துக்குத் தன்னார்வலரைப் பொறுப்பாக்காமல் காக்கிறது. ஆனால் ஒப்படைத்த வேலையின் எல்லைக்குள் இருந்தால் மட்டும். மாலை ரம்பத்துக்கு அந்தக் குடை கிடையாது. நகராட்சியோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று மூத்த சங்கத்தார் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

இனி மண்ணுக்கு வருவோம். மிதிபடும் நிலத்தைப் பற்றி அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் டேவிட் கோல் பல ஆண்டு சோதனைகள் செய்தவர். நடையும் சேதமும் ஒரே வீதத்தில் ஏறுவதில்லை என்பது அவருடைய முக்கிய முடிவு. முதல் சில நூறு காலடிகளிலேயே பெரும்பகுதிச் செடி போய்விடுகிறது. அதன்பின் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் குறைவுதான். ஆனால் கைவிட்ட தரை மீண்டு வர வருடங்கள் ஆகும்.

இதை டிஸ்க் கோல்ஃப் சங்கங்களின் பிரியமான வைத்தியத்தோடு வைத்துப் பாருங்கள். கூடைக்கு இரண்டு மூன்று குழிகள் அமைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கம்பத்தை உருவி அடுத்த குழியில் செருகிப் பூட்டுவது வழக்கம். ‘மண் ஓய்வெடுக்கட்டும்’ என்பார்கள். ஆட்டத்துக்குப் புதுமை கிடைக்கும், மறுப்பில்லை. மண்ணுக்கு அந்த ஓய்வு போதாது. கெடுவது வாரங்களில், மீள்வது வருடங்களில் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவதில் ஒரு வழுக்கைக்குப் பதிலாக மூன்று வழுக்கைகள் உண்டாகும். தட்டையான, தண்ணீர் தேங்காத ஒரே இடத்தைத் தேர்ந்து, அதைப் பலி கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டு, கல் விளிம்பு கட்டி மரச்சில்லு போட்டுக் காப்பாற்றுவது நேர்மையான வழி என்று நினைக்கிறேன். மண் ஆழமாகவும் நடை குறைவாகவும் உள்ள இடத்தில் சுழற்சி பலன் தரலாம். நகர்ப்புறப் பூங்காவில் நடை குறைவு என்பது கனவு.

மரத்தின் கதையும் இதே ஜாதி. எறிமேடைக்கு முன்னால் நிற்கும் முதல் மரம்தான் அடி வாங்கும். நன்றாக எறிபவரின் தட்டு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆயிரம் முறை பட்டால் பட்டை உரிந்துவிடும். இளமரமாக இருந்தால் பட்டுப்போகும். மரச்சட்டங்களைக் கம்பியில் கோத்து அடிமரத்தைச் சுற்றித் தொங்கவிடுவதும், இரண்டடி முன்னால் கம்பம் நட்டு அடியை வாங்கிக்கொள்ளச் செய்வதும் சங்கங்கள் கண்டுபிடித்த நல்ல உத்திகள். அதே ஆட்கள் மரச்சில்லைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றி எரிமலை மாதிரிக் குவித்துவிட்டும் போவார்கள். ஈரம் தங்கி அடிப்பட்டை அழுகும். சில்லு வேருக்கு வேண்டும், தண்டுக்கு ஆகாது. பூங்காத் துறையின் மரவல்லுநர் ஒருவர் அரை மணி நேரம் வந்து காட்டினால் தீரும் விஷயம். ஆஷ் மரங்களை மரகதத் துளைப்பான் வண்டு கொன்று தீர்த்த மத்திய மேற்கு மாநிலங்களில் பழைய ஆடுகளங்கள் நிழலையே இழந்தன. அங்கே கன்று நடுவதுதான் தலையாய மேம்பாடு. நட்டவர் அதன் நிழலில் ஆடமாட்டார்.

மண்ணை அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரின் பீஸ் பூங்கா சாட்சி. ஷோல் ஓடைக்கரையில், நகரின் நடுவில், மாணவர்கள் நடந்தே வரும் தூரத்தில் இருந்த பேர்போன ஆடுகளம் அது. மண் இறுகி, கரை அரித்து, பெருமரங்களின் வேர் வெளியே வந்தது. மரங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், இருபது வருடம் ஆடிப் பழகியவர்கள் இன்னொரு பக்கம். 2011 வாக்கில் கூடைகள் பிடுங்கப்பட்டன. நகரம் ராய் கெரேரோ பூங்காவில் மாற்றிடம் கொடுத்தது. பீஸ் பூங்காவில் ஆடியவர்களில் மண்வெட்டி தூக்கியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் சீர்செய்த வேகத்தைவிடக் கூட்டம் தேய்த்த வேகம் அதிகம். மேம்பாட்டின் முரணும் இங்கேதான் இருக்கிறது: நல்ல ஆடுகளம் இன்னும் ஆளை அழைத்துவரும், வந்த ஆள் இன்னும் மிதிப்பார்.

‘எங்கள் ஆடுகளம்’ என்ற சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். குழந்தை வண்டி தள்ளுபவருக்கும் பறவை பார்ப்பவருக்கும் அதே நிலத்தில் அதே உரிமை. பி.டி.ஜி.ஏ. உறுப்பினர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். சனிக்கிழமை மண்வெட்டியோடு வருபவர்களும் ஏறக்குறைய அதே கூட்டம். ஆகவே ‘மேம்பாடு’ என்றால் தூரத்தைக் கூட்டுவது, கடினமாக்குவது என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. எறிமேடைக்கு முன்னால், கூடைக்கு இன்னும் கிட்டத்தில், சிறுவருக்கும் புதியவருக்கும் என இரண்டாவது மேடை ஒன்று. அடுத்த கூடைக்கு எந்தப் பக்கம் போவது என்று ஓர் அம்புக்குறி. நடைபாதை குறுக்கிடும் வீச்சை மடக்கித் திருப்புதல். இந்த மூன்றும் 720 மூட்டையில் ஒரு பங்கு விலைகூட ஆகாது. வழி தெரியாமல் காட்டுக்குள் குறுக்கே நடக்கும் புதியவரால் வரும் மண் சேதத்தையும் அந்த அம்புக்குறி குறைக்கும்.

வேறு வழிகள் இல்லையா? சான் டியேகோவின் மோர்லி ஃபீல்டில் சிறு கட்டணம் வாங்குகிறார்கள். ஒப்பந்தக்காரர் கடையும் வைத்து ஆடுகளத்தையும் பார்த்துக்கொள்கிறார். பராமரிப்புக்குச் சம்பளக் கை இருக்கிறது. பணம் கொடுத்தால் தீரும் பிரச்சினை இது என்பதற்கு நல்ல சான்று. ஆனால் பையில் காசில்லாத பதினைந்து வயதுப் பையன் ஒரே ஒரு தட்டோடு வந்து நாள் முழுக்க ஆடலாம் என்பதுதானே இந்த ஆட்டத்தின் அழகு. பின்லாந்து வேறு விதம். 55 லட்சம் மக்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆடுகளங்கள். பல ஊர்களில் கட்டுமானச் செலவை நகராட்சி ஏற்கும், சங்கம் ஆட்களைத் தரும். ஊர் கூடிச் செய்யும் கூலியில்லா வேலைக்கு அவர்கள் மொழியில் ‘தால்கோத்’ என்று பழைய சொல்லே உண்டு. வேலை முடிந்ததும் சேர்ந்து உண்பதும் அதில் அடக்கம்.

குடிமராமத்து என்ற சொல்லை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. ஏரிக்கு மராமத்து செய்தவருக்குத் தன் வயலுக்கு வரும் தண்ணீர் கண்முன் இருந்தது. வராதவரைக் கேட்க ஊருக்கு வாயும் இருந்தது. பொதுவளங்களை மக்களே காப்பது எப்படி என்று 1990-இல் நூல் எழுதி, 2009-இல் நோபல் பரிசும் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், விதி செய்யும் உரிமையும் மீறியவரைத் தட்டிக்கேட்கும் வழியும் பயன்படுத்துபவர் கையில் இருக்க வேண்டும் என்றார். டிஸ்க் கோல்ஃப் சங்கத்துக்கு அந்த இரண்டும் இல்லை. மண்வெட்டி மட்டும் இருக்கிறது.

அதுவும் எத்தனை கை? அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தின் உயர்நிலையான ஈகிள் விருதுக்கு ஒரு சமூகப்பணித் திட்டத்தை முன்னின்று முடிக்க வேண்டும். பூங்காக்களில் காணும் பெஞ்சுகள், சிறு பாலங்கள், பலகைகள் பல அப்படி வந்தவை. சில இடங்களில் ஆடுகளமே அப்படி வந்தது. பதினேழு வயதுப் பையன் பாலத்தைக் கட்டி முடித்துக் கல்லூரிக்குப் போய்விடுவான். பாலத்தின் பலகை ஆறாம் வருடம் உளுத்துப்போகும்போது ஆணியோடு வருபவர் யார்? எந்தச் சங்கத்தைப் பார்த்தாலும் நூறு பேர் ஆடுவார்கள், திறப்பு நாளுக்கு நாற்பது பேர் வருவார்கள், நவம்பர் மழையில் வடிகால் தோண்ட ஐந்து பேர். அந்த ஐந்தில் இருவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனால் ஆடுகளம் இரண்டே பருவத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே புதிதாகக் கூடை நடக் கிளம்பும் சங்கத்துக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பதினெட்டுக்குப் பணம் இருந்தால் ஒன்பது நடுங்கள். மிச்சப் பணத்தை வடிகாலுக்கும் படிக்கட்டுக்கும் வையுங்கள். நட்ட அன்றே ஒவ்வொரு கூடையின் அடியையும் ஒரு படம் எடுத்து வைத்து, வருடம் ஒருமுறை அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். மரம் வெட்டும் நிறுவனங்களிடம் கேட்டால் மரச்சில்லைப் பெரும்பாலும் இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள். நாலு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் இரண்டு வருடத்துக்குள் மக்கி மண்ணாகிவிடும். மறுபடி கொட்ட வேண்டும்.